தொழிற்கல்வியும் தேகாரோக்கியமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வீடுதோறும் ஒரே கேள்விதான் எழுகின்றது: பல்கலைக்கழக அனுமதி கிடைக்குமா? தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்திருப்பினும், நாடு முழுவதிலும் தகைமை பெறுவோரில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. விடுபட்டவர்களில் பலர் ஓரிரு வருடங்களின் பின் வளைகுடா நாடொன்றுக்குப் புறப்படுகின்றனர். கையில் பெறுபேற்றுத் தாள் இருக்கும், தொழில் இருக்காது. அதனால் சாதாரண தொழிலாளியின் சம்பளமே அவர்களுக்குக் கிடைக்கின்றது.

இந்நிலையை மாற்றக்கூடியது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ. இது ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் பெற்றவர் மேற்பார்வையின்றித் தனித்துத் தொழில் செய்ய வல்லவர் என்பது பொருள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா தரம். ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஆகவே சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரும் மாணவனுக்கு உயர்கல்வியின் கதவு மூடப்பட்டுவிடுவதில்லை. இதைப் பெற்றோர் பலர் அறியார். மேசன்மாரையும் ஓடாவிமாரையும் "பாஸ்" என்று மரியாதையாக அழைக்கும் நாம், மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் அந்த மரியாதையை மறந்துவிடுகின்றோம்.

மருதமுனையில் நெசவு போன்று, மாமாவிடமோ அயல் கராஜிலோ பார்த்துப் பழகிய தொழில்கள் எமது ஊர்களில் ஏராளம். பாடநெறி எதனையும் பயிலாமலே தொழில் கற்றவரும், செய்முறை மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் எனப்படும் இந்த ஏற்பாடு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் நடைபெறுகின்றது. சவூதி அரேபியா வெளிநாட்டுத் தொழிலாளரின் திறனைப் பரீட்சித்து உறுதிப்படுத்தும் திட்டத்தை 2021இல் ஆரம்பித்துள்ளமையால், சான்றிதழின் தேவை இனிக் கூடுமேயன்றிக் குறையாது.

எனினும் தொழிலாளியின் முதலீடு அவனது உடலே. பயணத்துக்கு முந்திய வைத்தியப் பரிசோதனை அன்றைய சுகத்தையே காட்டும். பின்னர் வரும் பாதிப்பைத் தவிர்க்க அறிவு வேண்டும். கண்ணாடியின்றி வெல்டிங் செய்தால் கண் கெடும். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும். கடும் வெயிலில் நீரருந்தாது உழைத்தால் சிறுநீரகம் பாதிப்புறும். கட்டார் 2021 முதல் ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணிக்கும் பிற்பகல் 3.30க்கும் இடையே வெளிவெயிலில் வேலை வாங்குவதைத் தடைசெய்துள்ளது. இந்த உரிமையை அறியாத தொழிலாளி அதனைக் கேட்டுப் பெறப்போவதில்லை.

பெறுபேறு வெளியாகும் வாரத்திலேயே பள்ளிவாசல் நிருவாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தொழிற்பயிற்சிப் போதனாசிரியர் ஒருவரையும் வைத்தியர் ஒருவரையும் ஒரே மேடைக்கு அழைக்கலாம். பயிற்சிநெறிகளின் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர் பெற்றோரும் பிள்ளைகளும் அவர்களிடம் நேரிற் கேட்டறிய அது வாய்ப்பாகும்.