அறிமுகத்திற்கா, அகந்தைக்கா?



புதுச்சேரி நகரை ஊடறுத்து ஓடும் பெரிய வாய்க்காலை நீங்கள் அறிவீர்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அதன் கடற்கரைப் பக்கம் 'வெள்ளை நகரம்' என்றும், மறுபக்கம் 'கறுப்பு நகரம்' என்றும் வழங்கிற்று. நிறம் மனிதனுக்கு எல்லை வகுத்த காலம் அது.

1873ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர், ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவரோ பாரிசு உயர் நீதிமன்றம் வரை முறையிட்டு வெற்றி கண்டார். பின்னர் 1881ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் புதிய குடும்பப் பெயர் சூடிக்கொள்ளலாம் என்றது அது. பொன்னுத்தம்பி பிள்ளையும் 'லபோர்த்' ஆனார். சாதிக் கொடுமையால் நொந்த பலர், மானத்தோடு வாழ வழி பிறந்ததென்று அவ்வாறே செய்தனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் நடந்தது என்ன? 1884ஆம் ஆண்டின் தேர்தல் ஆணை ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், துறந்தோருக்கு வேறொரு பட்டியல், ஏனைய இந்தியருக்கு மற்றொன்று என வகுத்தது. பெயர் மாறிற்று; பார்ப்பவர் கண் மாறவில்லை.

நம் முன்னோரில் பெரும்பாலோர் ஷரீஅத்தையும் தந்தையர் இட்ட பெயரையும் விடவில்லை. இஸ்லாம் காட்டிய வழியும் அதுவே. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கின்றது. 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டவர் அதன்பின் 'ஹாரிஸாவின் மகன் ஸைத்' ஆனார். பிலால் ஹபஷீ, ஸல்மான் பார்ஸீ, ஸுஹைப் ரூமீ (ரலி) ஆகியோரும் அபிசீனியா, பாரசீகம், ரோம் எனும் நாட்டுப் பெயர்களைத் தாங்கியே நபித்தோழர்களாய் உயர்ந்தனர். மொழியும் நிறமும் வேறுபடுவது இறைவனின் சான்றுகளில் ஒன்று என அர்ரூம் அத்தியாயம் கூறுகின்றது. மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே இனங்களும் குலங்களும் ஏற்பட்டன, இறையச்சத்தில் மிக்கவரே மேலானவர் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் விளக்குகின்றது.

ஆகவே தமிழ் நம் தாய்மொழி, தமிழகக் கரை நம் தாயகம் என்று சொல்வதில் குற்றமில்லை. அந்த அறிமுகம் அகந்தையாகத் திரியும்போதுதான் குற்றம் பிறக்கின்றது.

இங்கே நம் நெஞ்சைத் தொட்டு ஒன்று கேட்போம். புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் வணிகத்தின் பொருட்டு சைகோன் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ஆம் ஆண்டில் அங்கு எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. அவர்களுள் சிலர் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். அம்மக்கள் ஈன்ற பிள்ளைகள் தந்தையின் ஊருக்கு வந்தபோது, அவர்தம் கண்ணையும் மூக்கையும் சுட்டிக் கேலி பேசிய நாவு நம் தெருக்களில் இருந்ததில்லையா? பெண் பார்க்கச் செல்கையில் மார்க்கப்பற்றைக் கேட்பதற்கு முன் "பெண் சிவப்பா?" என்று கேட்பதில்லையா? மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று உயர்வு தாழ்வு பேசுவதில்லையா? அவரவர் உள்ளத்திலும் ஒரு வாய்க்கால் ஓடுகின்றது!

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழித்துரைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் எஞ்சியிருக்கின்றது என்ற கருத்தில் கண்டித்தார்கள். அத்தகைய உத்தமருக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நம் நிலை என்ன?

அன்னியர் நம்மை நிறத்தால் தாழ்த்தியபோது நமக்கு வலித்தது. அந்த வலியை அறிந்த நாமே பிறருக்கு அதைத் தரலாமா? இன்று ஜும்ஆவில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கப் போகின்றோம். அந்த வரிசை பள்ளிவாசலின் படியோடு முடிந்துவிடாமல், நம் இல்லத்து நிக்காஹ் பேச்சிலும் பிள்ளைகளின் விளையாட்டிலும் தொடரட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.