பேஸ்புக்கில் விரித்த கடையும் கடைதான்

ஒரு வருடமாக மட்டக்களப்பின் எழுவான்கரையில் வீட்டிலிருந்தே வியாபாரம் செய்யும் பெண்களுக்குச் சமூக ஊடகச் சந்தைப்படுத்தலைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்த நேரம் பதிவு போடுவது, சேலையை எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது, பதிவைக் காசு கொடுத்து யாருக்கு பூஸ்ட் செய்வது என்பவைதான் பாடம். வருடக் கடைசியில் திரும்பிப் பார்த்தால், என்னிடம் வந்த கேள்விகளில் பாதி வேறு மாதிரி. "காசு போட்டுட்டன், சாமான் வரல்ல. இனி என்ன செய்ற?" இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்கும் ஓர் அக்காவின் படங்களை அப்படியே எடுத்து, யாரோ இன்னொரு பக்கம் திறந்தார்கள். படுவான்கரையில் ஒரு குடும்பம் கல்யாணச் சேலைக்கு முற்பணம் போட்டது அந்தப் பொய்ப் பக்கத்துக்கு. ஏச்சு வாங்கியது அக்கா.

இந்த இடத்தில் சட்டம் வெறுங்கையோடு இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், விற்பவர் பொய்யான விபரம் சொல்வதைக் குற்றம் என்கிறது. பேஸ்புக்கில் விற்பவரும் வியாபாரிதான். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது அவர் கடமை. முறைப்பாட்டை அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வெட்கத்தில் பேசாமல் இருந்தே இந்தத் தவணையைத் தவறவிட்டவர்கள் பலர். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

"பேஸ்புக்கில் பேசினதுக்கு என்ன சாட்சி?" என்பார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் பதிவுகளை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே விலை சொன்ன செய்தியையும் பக்கத்தின் முகவரியையும் காசு போடும் முன்பே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், காசு போட்டதும் வங்கிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றுபவர் முதலில் செய்வது செய்திகளை அழிப்பதும் உங்களைத் தடை செய்வதும்தான். காசு போய்விட்டால் அந்த நிமிடமே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸுக்குப் போங்கள்.

விற்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் வங்கிச் சீட்டின் படத்தை நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள், கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே கூரியரில் போடுங்கள். பூஸ்ட் செய்து தருகிறேன் என்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பக்கத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு விளம்பரம் போடும் அனுமதி மட்டும் போதும். விளம்பரம் உண்மையில் ஓடுகிறதா என்பதை பேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில் யாரும் பார்க்கலாம். "உங்கள் பக்கம் மூடப்படப் போகிறது" என்று வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பக்கம் பறிபோனால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101ஐ அழையுங்கள்.

சேலை விற்கும் அந்த அக்கா எடுத்த படங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவருடையவை. தொலைபேசியில் மூலப்படங்கள் திகதியோடு அழியாமல் இருந்தன. அவற்றைக் காட்டி பேஸ்புக்கில் பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்தோம், பொய்ப் பக்கம் போனது. படுவான்கரைக் குடும்பத்திடம் வங்கிச் சீட்டு இருந்தது. அதில் இருந்த கணக்கு இலக்கத்தை வைத்துத்தான் பொலிஸில் முறைப்பாடு எழுதினோம்.