பண்ணைக் குட்டைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு

புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டம் சஹ்யாத்திரி மலைத்தொடரின் மழைமறைவில் அமைந்தது. அத்தியும் சீத்தாவும் விளைவிக்கும் இவ்வட்டாரத்து உழவர்கள் கோடைக்கென நீரைப் பண்ணைக் குட்டைகளில் சேமிக்கின்றனர். சரளை மண்ணில் நீர் விரைவிற் கசிந்துவிடுமாதலால், குட்டையினுள் பிளாஸ்டிக் தாள் விரிக்கப்படுகின்றது.

இத்தாளின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரே. 3 மீட்டர் ஆழமுள்ள குட்டையில், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 3 டன் நீர் அழுத்தும். அப்பொழுது சிறு கூர்ங்கல்லும் தாளைத் துளைக்கும். ஆகவே கல்லும் வேரும் களைந்து, மென்மண் பரப்பித் திமிசு போடுதல் முதற்பணியாகும். பின்னர்த் தாளின் இணைப்புகளை வெப்பத்தால் ஒட்டி, விளிம்புகளைக் கரைமீது வெட்டிய பள்ளத்தில் புதைத்தல் வேண்டும். மடிப்புகள் படியுமாறு நீரை மெல்ல நிரப்புதல் நன்று.

வினைல் தாளுக்கு நெகிழ்ச்சி தரும் சேர்மானம் நாளடைவில் வெளியேறுவதால், அது வெயிலில் விறைத்து வெடிக்கின்றது. திறந்த குட்டைகளுக்குக் கரித்தூள் கலந்த பாலிதீன் ஏற்றது. எனினும் அதுவும் அழிவற்றதன்று. சிறு துளையை ஒட்டுப் போட்டு அடைக்கலாம். மடித்தால் முறியும் தாளையோ முழுவதும் மாற்றவே வேண்டும். புதுத்தாள் விரிக்குமுன் அடித்தளத்தை மீண்டும் சீர்செய்தல் இன்றியமையாதது.

நனைந்த தாள் மிக வழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் சரிவில் ஏற இயலாது உயிரிழந்ததுண்டு. எனவே சுற்றுவேலியும், கரையிலிருந்து நீருள் தொங்கும் முடிச்சுக் கயிறுகளும் அமைத்த பின்னரே விரிப்பு வேலை முற்றுப்பெற்றதாகக் கொள்ளல் வேண்டும்.