கறுப்பு நாய்க்கு விரலில், வெள்ளை நாய்க்கு வயிற்றில்

நாய்க்கும் தோல் புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வரும். நாய்களுக்கு வரும் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலிலும் தோலுக்கு அடியிலும் வருபவைதான். அவற்றில் பாதிக்கு மேல் தீங்கில்லாதவை என்பது ஆறுதல். சிக்கல் என்னன்னா, எது தீங்கில்லாதது என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

கொஞ்ச நாளாக இதைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாய்க்கு ஆபத்து அதிகம் என்பதுதான் நான் தேடிப் போன கேள்வி. விடை நாயின் நிறத்தையும் இனத்தையும், உடம்பில் கட்டி வந்த இடத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே போகிறது.

தோல் புற்றுநோய் என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். நாய்களில் வெயிலால் வருவது ஒரு பகுதி மட்டுமே. முடிதான் அவற்றுக்குக் குடை. அந்தக் குடை மெல்லிசாக இருக்கும் இடத்தில் வெயில் உள்ளே இறங்கிவிடும். டால்மேஷன், புல் டெரியர், விப்பெட், பீகிள் போன்ற, குட்டை முடியும் வெளிர் தோலும் கொண்ட நாய்களுக்கு அடிவயிறு, உள்தொடை, மூக்கு ஆகிய இடங்களில் இது வருகிறது. முதுகை விட்டுவிட்டு வயிற்றில் ஏன்? மல்லாந்து படுத்து வெயில் காயும் நாயைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதலில் சிவந்து தடிக்கும், சொரசொரப்பாகும், பிறகு ஆறாத புண்ணாகும். நம்ம ஊர் ராஜபாளையம் நாயும் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. வெயில் விஷயத்தில் அதையும் இந்த வரிசையில்தான் நான் வைப்பேன். வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் வருவதும் இதே கதை.

அப்போ கறுப்பு நாய் தப்பித்ததா? இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. நக அடியில், விரலில் வரும் செதிள்செல் புற்றுநோய் பெரும்பாலும் கறுப்பு நாய்களைத்தான் பிடிக்கிறது. ஸ்டாண்டர்ட் பூடில், ஜயன்ட் ஷ்னவுசர், ராட்வைலர் எல்லாம் இதில் அடக்கம். பூடில்களை வைத்து 2013-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்றில், நோய் கறுப்புப் பூடில்களில்தான் இருந்தது, வெளிர் நிறப் பூடில்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. கிட்-லிகாண்ட் என்ற மரபணுவை ஒட்டிய ஒரு துண்டு, சில நாய்களில் கூடுதல் நகல்களாக இருக்கிறது. நகல் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. வேடிக்கை என்னவென்றால், வெளிர் நாய்களிடமும் அந்த நகல்கள் உண்டு. அவற்றின் முடியை வெளுக்க வைத்த வேறொரு மரபணு மாற்றமே அவற்றைக் காப்பாற்றுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெயிலுக்கு இதில் வேலையே இல்லை. நகம் பிளந்து, விரல் வீங்கி, நாய் நொண்டும். அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

மெலனோமாவும் நம் எதிர்பார்ப்பைத் தலைகீழாக்குகிறது. முடி மூடிய தோலில் வரும் கறுத்த கட்டி நாய்க்குப் பெரும்பாலும் சாதுவானது. அதே வகை வாய்க்குள்ளோ நக அடியிலோ வந்தால் வேகமாகப் பரவும்.

எல்லாவற்றையும் விட அதிகம் கவனிக்க வேண்டியது மாஸ்ட் செல் கட்டி. நாயின் தோல் கட்டிகளில் ஐந்தில் ஒன்று வரை இதுதான். பாக்ஸர், பாஸ்டன் டெரியர், பக், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகியவற்றில் அதிகம். ஹட்ச் விளம்பரத்துக்குப் பிறகு நம் ஊரில் வீட்டுக்கு வீடு வந்த அதே பக்தான். பக்குக்கு ஒரே நேரத்தில் பல கட்டிகள் வரலாம், ஆனால் பெரும்பாலும் அவை மெதுவானவை. ஷார்பேய் இனத்தில் இளம் வயதிலேயே, முரட்டுத்தனமாக வரும்.

மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமையின்போது ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டும் செல். கட்டியில் உள்ள செல்களும் அதையே செய்கின்றன. அதனால் கட்டி இன்று வீங்கும், நாளை சுருங்கும். சுருங்கினால், "மருந்து வேலை செஞ்சிடுச்சு, சரியாயிடுச்சு" என்று நிம்மதியாகிவிடுவோம். இந்த ஒரு குணமே பல நாய்களுக்கு மாதக்கணக்கில் தாமதத்தைக் கொடுத்துவிடுகிறது. ஹிஸ்டமின் வயிற்றில் அமிலத்தைத் தூண்டுவதால் வாந்தியும் கறுத்த மலமும்கூட வரலாம். பிதுக்கிப் பார்க்கவே கூடாது. பிதுக்கினால் இன்னும் கொட்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மெல்லிய ஊசியைக் குத்திக் கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். துகள்கள் நிறைந்த மாஸ்ட் செல்கள் நுண்ணோக்கியில் எளிதாக அடையாளம் தெரியும். மெத்தென்று நகர்கிற கொழுப்புக்கட்டி மாதிரியே இருந்து மாஸ்ட் செல்லாக முடிவதும் உண்டு. அதனால் "கொழுப்புக்கட்டிதான்" என்று தடவிப் பார்த்து மட்டும் யாராவது சொன்னால், ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெட்டுவதற்கு முன்பே தெரிவது முக்கியம். மாஸ்ட் செல் என்றால் சுற்றிலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். தெரியாமல் கட்டியை மட்டும் நறுக்கி எடுத்தால் மிச்சம் அங்கேயே வளரும்.

வெட்ட முடியாத இடம் என்றால் வேறு வழிகளும் உண்டு. டோசெரானிப் என்ற மாத்திரைக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாய்ப் புற்றுநோய்க்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 2020-ல் வந்தது இன்னும் விசித்திரம்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டு மரம் ஒன்றின் விதையிலிருந்து எடுத்த டிகிலானால் டிக்லேட். மாஸ்ட் செல் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். சில நாட்களில் கட்டி கறுத்து உதிர்ந்து, அந்த இடத்தில் குழியாக ஒரு புண் நிற்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் அது ஆறிவிடுகிறது.