ஏறிய கியரிலேயே இறங்குக
மலைப் பாதையில் வண்டி ஓட்டும் விவசாயிகளுக்குச் சில குறிப்புகள்

விளைந்த பொருள் சேதமின்றிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சாகுபடி நிறைவு பெறும். சமவெளி விவசாயிக்கு இது பெரிய காரியமன்று. கொல்லிமலை விவசாயிக்கு அப்படியல்ல. வாழவந்தி நாட்டில் பறித்த மிளகும், வெட்டிய வாழைத்தாரும், தோண்டிய மரவள்ளிக் கிழங்கும் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டுமானால், சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினாலும் சரிவு சரிவுதான்.

தலைச்சுமையாகக் கொண்டு போன காலம் மாறி, இன்று மலை விவசாயிகள் பலர் பழைய ஜீப், கார், சிறிய சரக்கு வண்டி ஆகியவற்றைச் சொந்தமாக வைத்துள்ளனர். வண்டி வாங்குவதற்கு முன் விலையையும் மைலேஜையும் பலரிடம் விசாரிக்கிறோம். சரிவில் எந்தக் கியரில் இறங்குவது, எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டவன் அல்லன்.

எனக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் மிளகுக் கொடிகளில் வாடல் நோயைப் பார்வையிட வாழவந்தி நாட்டின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அன்று ஜீப்பை ஓட்டியவன் நானே. சரிவான பாதையில் ஏற்றமாக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து விட்டு, கியரை நியூட்ரலில் வைத்தபடியே தோட்டத்துக்குள் போய் விட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கூச்சல் கேட்டுத் திரும்பினால் ஜீப் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வரப்பின் மேல் மூன்று குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஒரு பாறாங்கல்லைப் புரட்டிப் பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். ஜீப் நின்றது.

"ஐயா, தேரையே முட்டுக்கட்டை போட்டுத்தானுங்க நிறுத்தறோம். ஜீப்புக்கு மட்டும் வேண்டாமுங்களா?" என்றார். டாக்டர் பட்டம் பெற்ற எனக்கு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பின் மலைப் பாதையில் வண்டி ஓட்டுவதை முறையாகக் கற்றுக் கொண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

புறப்படும் முன்

இருக்கையில் அமர்ந்ததும் காலடியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், ஒரு சிறிய பலாப்பழம் என்று எது உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினாலும் பிரேக் பிடிக்காது. முன் பகுதியில் சுமை எதையும் தரையில் வைக்கக் கூடாது. சேறு படிந்த ரப்பர் செருப்பும் மிதியிலிருந்து வழுக்கும். காலைத் துடைத்து, குதிகாலைப் பிடிக்கும் காலணி அணிந்து ஓட்டுவது நல்லது.

இடது கால் கிளட்ச்சுக்கு மட்டும். வலது கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும். என்ஜினை ஓட விட்டு, பிரேக் மிதியை அழுத்திப் பார்க்கவும். மிதி கெட்டியாக நிற்க வேண்டும். மெல்ல மெல்லத் தரை வரை இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள். பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. இரண்டில் எது இருந்தாலும் அன்று மலை இறங்க வேண்டாம். ஹாரன், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர் ஆகியவை எங்கே உள்ளன என்பதைக் கண்ணால் தேடாமல் கை அறிய வேண்டும். பிறர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுவோர் இதைச் சமதளத்தில் பழகிய பிறகே சரிவுக்கு வர வேண்டும்.

ஏறும்போது

ஏற்றத்தில் என்ஜின் திணறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பின் கியர் மாற்றக் கூடாது. மாற்றும் அந்த நொடியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து விடும். ஒரு கையும் ஸ்டீயரிங்கை விட்டிருக்கும். வளைவுக்கு முன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்து, ஹாரன் அடித்து, இடது புறமாகவே திரும்பவும்.

ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது பின்னோக்கி வழியாமல் இருக்க, முதலில் கை பிரேக்கை இழுத்து வைக்கவும். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடவும். வண்டியின் முன்பகுதி சற்றே எழும்பி என்ஜின் சத்தம் தணியும் இடத்தில் காலை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, பிறகு கை பிரேக்கை விடுவிக்கவும். கை பிரேக் இல்லாமல் கிளட்ச்சைப் பாதி மிதித்தே வண்டியைச் சரிவில் தாங்கி நிறுத்துவது சிலர் வழக்கம். அதனால் கிளட்ச் தட்டு கருகிப் போகும்.

இறங்கும்போது

விபத்து நேருவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். காரணம் எளிது. சுமையுடன் 1,500 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக் கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல் அனைத்தும் வெப்பமானால், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்து விடும். இதில் ஒரு பகுதியை டயர் உராய்வும் காற்றும் எடுத்துக் கொள்ளும். மீதியை என்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் பிரேக் லைனிங் காய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதித்து ஆவியாகும். குழாயில் ஆவி புகுந்தால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

இதைத் தவிர்க்கும் வழி ஒன்றே. எந்தக் கியரில் அந்தச் சரிவை ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குக. சுமை மிகுந்தால் அதற்கும் ஒரு கியர் குறைவாக இறங்குக. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜினே வண்டியைப் பின்னிருந்து பிடித்து இழுக்கும். வேகம் மிகும்போது மட்டும் பிரேக்கை உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் காலை எடுத்து விடவும். காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துத் தேய்த்துக் கொண்டு வரக் கூடாது. கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் நியூட்ரலில் இறங்குவதும் ஒன்றுதான்; இரண்டிலும் என்ஜினின் உதவி கிடைக்காது.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இன்றைய வண்டிகளில் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜினுக்கு எரிபொருள் செல்வது நின்று விடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிக் கொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் சிறிது மிச்சமானாலும் அது உயிருக்கு ஈடாகாது.

என்ஜினை அணைத்து விட்டு உருட்டி இறக்குவது இன்னும் கொடியது. என்ஜின் நின்றால், இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக் கல்லாக இறுகி விடும். பவர் ஸ்டீயரிங் கனத்துப் போகும். சாவியை உருவினால் ஸ்டீயரிங்கே பூட்டிக் கொள்ளும்.

எரிந்த வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தை விடக் கீழே போனாலோ உடனே அகலமான இடத்தில் ஒதுங்கி, அரை மணி நேரமாவது ஆற விடவும். சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. திடீரெனக் குளிர்ந்தால் உலோகம் விரிசல் விடலாம்.

ஓடும்போதே பிரேக் போய் விட்டால் என்ஜினை அணைக்க வேண்டாம். மிதியை விட்டு விட்டுப் பல முறை அழுத்தவும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கவும். கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்கவும். ஹாரனை விடாமல் அடிக்கவும். அப்படியும் நிற்கவில்லை என்றால், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் வண்டியை உரசி நிறுத்தவும். தகரம் நசுங்கினால் தட்டிக் கொள்ளலாம்.

யார் வழி விடுவது?

இரு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைப் பாதையில், இறங்கும் வண்டியே ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். இது சாலை விதி. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஆகவே கீழிருந்து பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று விடுங்கள். மூடுபனியில் விளக்கின் ஒளியைத் தாழ்த்தியே வைக்கவும். உயர்த்தினால் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும்.

நிறுத்தும்போது

சரிவில் வண்டியை நிறுத்தும்போது ஒரு பிடியை மட்டும் நம்பக் கூடாது. நான்கு பிடிகள் வேண்டும்.

1. கை பிரேக்: கால் பிரேக்கால் நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக்கை முழுவதும் இழுக்கவும். பிறகு காலை மெல்ல எடுத்து வண்டி நகர்கிறதா என்று பார்க்கவும். நகர்ந்தால் கம்பி தளர்ந்துள்ளது, மெக்கானிக்கிடம் காட்டவும். நீண்ட இறக்கத்துக்குப் பின் பிரேக் சூடாக இருக்கும். ஆறும்போது அதன் பிடி மாறக் கூடும். நான் அன்று செய்த பிழை இந்த ஒரு பிடியோடு நின்றதுதான்.

2. கியர்: என்ஜினை அணைத்த பின், வண்டி ஏற்றம் நோக்கி நின்றால் முதல் கியரும், இறக்கம் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரும் போட்டு வைக்கவும். மீண்டும் கிளப்பும்போது கிளட்ச்சை மிதித்தே சாவியைத் திருப்ப வேண்டும். மறந்தால் வண்டி துள்ளும்.

3. ஸ்டீயரிங்: வண்டி முன்னோக்கி நின்றாலும் பின்னோக்கி நின்றாலும் ஸ்டீயரிங்கை மலைச்சுவரின் பக்கம் திருப்பி வைக்கவும். தப்பித் தவறி உருண்டாலும் வண்டி மண் சுவரில் போய் முட்டி நிற்கும், பள்ளத்தில் இறங்காது.

4. முட்டுக்கட்டை: சக்கரத்தின் தாழ்வான பக்கத்தில், டயரை ஒட்டிக் கட்டை வைக்கவும். கட்டை வைப்பவரும் எடுப்பவரும் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் நிற்கவே கூடாது.

கட்டைக்குப் பதில் கல் வைத்தால், புறப்படும்போது அதை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். நடுச் சாலையில் விட்டுப் போகும் கல், இரவில் இரு சக்கர வண்டியில் வரும் நம் ஊர்ப் பிள்ளையைத்தான் வீழ்த்தும். வளைவிலும், வளைவை ஒட்டியும் வண்டி நிறுத்தக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் வரும் நாட்களில் இதை இன்னும் கவனமாகப் பின்பற்ற வேண்டும்.

ஓட்டுநர் இல்லாத வண்டி தானாக நகராதபடி என்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டு வைப்பது சட்டப்படியும் கடமையாகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126 இதைக் கூறுகிறது. வண்டியை விட்டு இறங்கும்போது சாவியைக் கையோடு எடுத்துச் செல்லவும். சிறுவர்களை ஓட்டுநர் இருக்கையில் விளையாட விடக் கூடாது. வண்டியின் நிழலில் உட்காரவும், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று சரக்கு இறக்கவும் யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

சுமை ஏற்றுவது

பலாப்பழம் உருளக் கூடியது. தளர்வாக அடுக்கினால் வளைவில் அத்தனையும் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் சாய்க்கும். இடையில் வைக்கோல் அல்லது சாக்கு திணித்துக் கயிற்றால் இறுக்கவும். மரவள்ளி மூட்டைகளைக் கீழேயும், இலேசான பொருள்களை மேலேயும் அடுக்கவும். சரக்கு வண்டியில் மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றக் கூடாது. ஒன்றை நினைவில் கொள்க: வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு நான்கு மடங்கு தூரம் தேவை.

பராமரிப்பு

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். மழையும் பனியும் மிகுந்த மலையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அதை மாற்றி விட வேண்டும். ஓராண்டு தள்ளிப் போட்டு மிச்சப்படுத்தும் பணம் சில நூறு ரூபாய்தான்.

முட்டுக்கட்டைக்குச் செலவே இல்லை. தோட்டத்தில் கழித்த பலா மரத் துண்டை ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, ஒரு முழக் கயிறு கட்டி, வண்டிக்கு இரண்டு வீதம் வைத்துக் கொள்ளுங்கள். கயிறு இருந்தால் சக்கரத்துக்கு அருகே குனியாமல் பக்கத்தில் நின்றே இழுத்து விடலாம். என் வண்டியில் இன்றும் அப்படி இரண்டு கட்டைகள் கிடக்கின்றன. அவற்றைச் செதுக்கிக் கொடுத்தவரும் அந்தப் பெரியவரே.

வரும் வாரம் சந்தைக்குப் புறப்படும் முன் இந்த இரண்டு கட்டைகளையும் தயார் செய்து விடுமாறு மலைவாழ் விவசாயப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறேன்.