கிறுக்கித் தள்ளும் காகிதக் கப்

பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் இதைப் படிக்கும் கெட்டிக்காரக் கண்மணிகளே! "வீட்டிலேயே ரோபோ செய்யலாமா மாமா?" என்று கேட்கிறீர்கள். எவ்வளவு நல்ல கேள்வி! தாராளமாகச் செய்யலாம்.

ஒரு காகிதக் கப், மூன்று ஸ்கெட்ச் பேனா, பழைய பொம்மைக் காரின் மோட்டார், ஒரு பென்சில் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், ஒட்டும் டேப், சின்ன ரப்பர் துண்டு. இவ்வளவுதான்.

கப்பைக் கவிழ்த்து, சுற்றிலும் பேனாக்களை முனை கீழே வரும்படி ஒட்டுங்கள். மூன்று கால் வந்துவிட்டதா? கப்பின் தலையில் மோட்டாரையும் பேட்டரியையும் ஒட்டுங்கள். மோட்டாரின் அச்சு மேலே பார்க்கட்டும். அதில் ரப்பர் துண்டைச் செருகுங்கள். நடுவில் செருகக் கூடாது, ஓரமாகச் செருக வேண்டும். கவனம், வித்தையே அங்கேதான் இருக்கிறது!

இனி பேனா மூடிகளைக் கழற்றி, பெரிய தாளில் நிறுத்தி, மோட்டாரை ஒயர்களால் பேட்டரியின் இரு முனைகளோடும் இணையுங்கள். கப் நடுங்கும், நகரும், வட்டம் வட்டமாகக் கிறுக்கும்.

ஏன் நடுங்குகிறது? ஒரு கையில் மாம்பழப் பையைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றிப் பாருங்கள். பை உங்களைத் தன் பக்கம் இழுக்கும். ஓரமாக இருக்கும் ரப்பரும் அப்படித்தான் மோட்டாரை இழுக்கிறது. அது சுற்றச் சுற்ற, இழுக்கும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நடுக்கம். புரிந்ததா? பல செல்போன்கள் அதிர்வதும் இப்படித்தான்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ரோபோவுக்கு மூன்று வேலை: உணர்வது, முடிவெடுப்பது, செயல்படுவது. நம் கப் மூன்றாவதை மட்டும் செய்கிறது. ஆனாலும் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

உணரும் ரோபோக்களும் உண்டு. இங்கிலாந்தில் கிரே வால்டர் என்ற அறிஞர் 1948, 49-இல் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். பழைய கடிகாரங்களின் பல்சக்கரங்களைக்கூடப் பயன்படுத்தினார். அந்த ஆமைகள் வெளிச்சத்தை உணர்ந்து அதை நோக்கி நகர்ந்தன!

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய நம் நாட்டு ரோபோ வண்டி பிரக்யானுக்கு 26 கிலோ எடை, ஆறு சக்கரம். நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை நம் நாமக்கல் பாறைகளிலிருந்து தயாரித்துத்தான், நிலவுப் பயணத்துக்கான சோதனைகளை இஸ்ரோ நடத்தியது.

நம் கப்புக்குப் பேட்டரியை மட்டுமே பயன்படுத்துங்கள். சுவரிலுள்ள மின்சாரப் பக்கம் போகவே கூடாது. ஒயரை வெட்டப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பிறகு ரப்பரை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பாருங்கள். வட்டம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா? ஒரு பேனாவை மட்டும் உயர்த்தி ஒட்டினால் எந்தப் பக்கம் நகர்கிறது? பார்த்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.