விளக்குக்காரர் ஊரிலேயே இருக்க வேண்டும்

படுவான்கரையில் மின்கம்பம் எட்டாத ஊர் இன்று அரிது. எனினும் வாவியில் இரவுத் தொழில் செய்யும் தோணிக்கும், யானைக்கு அஞ்சி வட்டைக்குள் பரண் கட்டிக் காவலிருக்கும் விவசாயிக்கும் மின்கம்பி வரப்போவதில்லை. அவர்களுள் மண்ணெண்ணெயை நம்பியிருந்தோருக்கு 2022 ஆகஸ்ட் மாதம் பேரிடியாக வந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. இரவுக்கு அரை லீற்றர் எரித்து, மாதத்தில் இருபது இரவு தொழிலுக்குப் போகும் ஒருவரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்துக்கான அவருடைய மாதச் செலவு 870 ரூபாவிலிருந்து 3,400 ரூபாவாக ஏறிவிட்டது.

சூரிய ஒளி விளக்கைப் பற்றி நாம் மீண்டும் பேச வேண்டியிருப்பது இதனாலேயே. பேச்சு எழும்போதெல்லாம் "ஆளுக்கொரு விளக்கு இலவசமாகக் கொடுத்தால் என்ன?" என்ற கேள்வியும் எழுகிறது. 2004 சுனாமிக்குப் பின் இலவசப் படகுகள் வந்து குவிந்ததைக் கிழக்குக் கரையோரம் அறியும். கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விளக்கு பழுதானால் யாரிடம் கொண்டுபோவது?

இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. உலக வங்கியின் உதவியோடு 1997 முதல் 2002 வரை நடந்த மின்சக்தித் திட்டத்தின் கீழ் சுமார் 21,000 கிராமிய வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் கிடைத்தது. அதைத் தொடர்ந்து 2011 வரை நடந்த திட்டத்தில் இன்னும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்தன. தொடக்கத்தில், தகட்டை விற்கும் கம்பனியே தவணைப் பணத்தையும் அறவிட வேண்டும் என்று எண்ணினார்கள். அது சரிவரவில்லை. கூரையில் ஏறித் தகடு பூட்டத் தெரிந்தவருக்கு வீடுவீடாகப் போய்க் கடன் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லையே! பின்னர் சர்வோதய இயக்கத்தின் கடன் நிறுவனமான சீட்ஸ் கடன் கொடுக்க முன்வந்தது. கம்பனிகள் தமது முகவர்கள் மூலம் விற்பதையும் திருத்துவதையும் பார்த்துக்கொண்டன. அதன் பிறகே விற்பனை சூடு பிடித்தது. ஊவா போன்ற பகுதிகள் பயன் பெற்றன. போருக்குள் கிடந்த கிழக்கின் பெரும்பகுதியோ ஒதுங்கியே நின்றது.

அந்த வெற்றியும் நீடிக்கவில்லை. பாதிக் கடன் கட்டி முடிவதற்குள் ஊருக்கு மின்கம்பி வந்தது. தவணை கட்டுவதைப் பலர் நிறுத்தினர். விற்பனை விழுந்தது, கம்பனிகள் விலகின, திருத்துநரும் வேறு தொழில் தேடிக்கொண்டார். தகடு இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். ஆனால் பற்றரி மூன்று, நான்கு வருடத்தில் களைத்துவிடும். அடிக்கடி முழுவதும் வடிய விட்டால் அதற்கும் முன்னரே செத்துவிடும். வாவிக்கரையின் உப்புக்காற்றில் முனைகளில் களிம்பு பிடிப்பது வேறு. இவற்றைக் கவனிக்க ஊரில் ஒருவர் இல்லாவிட்டால், நல்ல தகடும் கூரையில் வெறுமனே வெயில் காயும்.

கர்நாடகத்தில் ஹரீஷ் ஹாண்டே 1995இல் தொடங்கிய செல்கோ நிறுவனத்தின் ஒரு முயற்சி நமக்கு மிகப் பொருத்தமாகத் தெரிகிறது. (அவருக்கு 2011இல் மக்சேசே விருது கிடைத்தது.) தெருவோர வியாபாரிகளுக்கு விளக்கை விற்காமல், உள்ளூர் தொழில் முனைவோர் ஒருவர் பகலில் பற்றரிகளைச் சூரிய ஒளியில் ஏற்றி, மாலையில் கொண்டுபோய்க் கொடுத்து, நாள் வாடகை வாங்குகிறார். பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பே. விளக்கு எரியாவிட்டால் அன்றைய வாடகை இல்லை என்பதால், அது எரிய வேண்டும் என்ற அக்கறை வியாபாரியைவிட அவருக்கே அதிகம்.

வாவி மீனவருக்கு இம்முறை கையோடு பொருந்தும். காலையில் மீன் விற்ற காசில் இரவு விளக்கின் வாடகையைக் கொடுத்துவிடலாம். மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றது. வட்டைக் காவல்காரரின் கையில் காசு புரள்வது பெரும்போக வெள்ளாமை வெட்டிய பிறகுதான். அவரிடம் மாசி, பங்குனியில்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் புரிந்துகொள்ளக்கூடியவர் ஊரவரே. தலைநகரிலிருந்து வரும் முகவருக்கு இது புரிய நாளாகும்.

மாரியில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பில் நாட்கணக்காகச் சூரியன் முகம் காட்டாது என்பது உண்மையே. இங்கேதான் ஊருக்கு வந்த மின்சாரம் கைகொடுக்கிறது. விளக்குக்காரரின் கடைக்கு மின் இணைப்பு இருந்தால், மழை நாளில் அதிலிருந்து பற்றரியை ஏற்றலாம். முன்பு சூரிய விளக்கின் வியாபாரத்தை விழுத்திய அதே மின்கம்பி இந்தத் தொழிலுக்குத் துணையாகிறது. எல்ஈடி குமிழும் லிதியம் பற்றரியும் வந்தபின் விளக்கு கையில் தூக்கிப்போகக்கூடிய அளவுக்குச் சிறுத்தும் விட்டது.

முதல் தேவைப்படுவது விளக்குக்காரருக்கே. சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அதற்குக் கடன் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: ஒவ்வொரு நாள் வாடகையிலும் ஒரு பங்கைப் புதிய பற்றரிக்கென்று புறம்பாக வைக்க வேண்டும்.

இறங்க விரும்புவோர் முதலில் தம் துறையிலிருந்து இரவில் எத்தனை தோணி போகிறது, வட்டையில் எத்தனை பரண் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். பத்துப் பதினைந்துதான் தேறும் என்றால் விளக்கை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சைக்கிள் திருத்தும் கடையோடோ, கைத்தொலைபேசி திருத்தும் கடையோடோ சேர்த்துச் செய்வதே புத்தி.